என் தோலும் அந்தப் பெண்ணின் தோலும்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றைக்கும் மனைவியைத்தான் கேட்பேன். அவளும் கொஞ்சம் யோசித்துவிட்டு ஏதோ ஒன்றைச் சொல்வாள். அதனால் இதில் உள்ள பிழைகளில் பாதி அவளைச் சேரும்.

எனக்குப் பேச்சு வராது. நாலு பேர் நிற்கிற இடத்தில் நான் தூண் மாதிரி நிற்பேன், தூணென்று நினைத்து என் மேல் சாய்ந்தவர்களும் உண்டு. அடையாறில் கிடைத்த வேலை அதனால்தான் பிடித்துப்போனது. ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியை ஒட்டிய சின்ன ஆராய்ச்சிக்கூடம். கண்ணாடி பாட்டில்களைக் கழுவி, காயவைத்து, பெரிய குக்கர் மாதிரி ஒன்றில் ஆவியில் வேகவைத்து எடுத்துக் கொடுக்க வேண்டும். பாட்டில்கள் பேசாது. நம்மையும் பேசச் சொல்லாது.

அந்தக் கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் டாக்டரம்மா என்போம். அவர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். மனிதர்களிடமிருந்து அரிசி அளவு தோலை வெட்டி எடுத்து, பாட்டிலில் போட்டு, அதிலிருந்து செல்களை வளர்ப்பார். கண்ணுக்குத் தெரியாத அந்தச் செல்களுக்குச் சாப்பாடு ரோஸ்மில்க் நிறத்தில் ஒரு தண்ணீர். படுக்கை, உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் ஒரு இன்குபேட்டர். ரோஸ்மில்க் மஞ்சளாக மாறினால் செல்லுக்குப் பசி என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் அவ்வளவுதான்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஒரு நாள், மயிலாப்பூரிலிருந்து ஒரு அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, படகில் நடக்கிற மாதிரி தள்ளாடித் தள்ளாடி வந்தாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். கண்ணின் வெள்ளையில் சிவப்பு நூல் நூலாக ஓடியது. இப்போது கழுத்தில் ஒரு கட்டி. ஆஸ்பத்திரியில் கதிர் வைத்துக் கரைக்கலாம் என்று சொல்லி, தீபாவளி கழிந்த மறு வாரம் ஒரு தேதி கொடுத்திருந்தார்கள். அந்தத் தேதிக்காக அந்த அம்மா ஒரு மாதம் அலைந்திருந்தார். ஆனால் அங்கே ஒரு பெரிய டாக்டர், பெண்ணின் நடையையும் கண்ணையும் பார்த்துச் சந்தேகப்பட்டு, முதலில் இவள் தோலைச் சோதிக்க வேண்டும் என்று எங்களிடம் அனுப்பிவிட்டார்.

டாக்டரம்மா அவர்களை உட்காரவைத்துச் சொன்னார். நான் பாட்டில் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"நம்ம ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் டி.என்.ஏ.ன்னு மெல்லிசா ஒரு நூல் இருக்கு. கதிர் பட்டா அது அங்கங்கே அறுந்துபோகும். சாதாரணமா செல் அதைக் கவனிச்சு, வேலையை நிறுத்தி, அறுந்ததை ஒட்டிட்டு, அப்புறம்தான் இரண்டாப் பிரியும். சிலருக்குப் பிறவியிலேயே அந்தக் கவனிக்கிற ஆள் உள்ளே இல்லை. போன வருஷம்தான் வெளிநாட்டுல அதுக்கான மரபணுவையே கண்டுபிடிச்சிருக்காங்க. உங்க பொண்ணு அந்த மாதிரின்னா, கட்டிக்கு வைக்கிற கதிர் அவளோட நல்ல தோலையும் தொண்டையையும் சேர்த்துக் கருக்கிடும்."

அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. "அந்தத் தேதிக்கு முன்னாடி சொல்லிடுவேளோல்லியோ?"

"சொல்லிடுவோம்."

"தேதி போயிடப்படாது. கபாலி புண்ணியத்துல கெடச்ச தேதி."

பெண் சிரித்தாள். "கபாலி எங்கேம்மா குடுத்தார்? கவுண்டர்ல குடுத்தா."

சோதிக்க வேண்டுமானால் அவள் செல் மட்டும் போதாது. பக்கத்தில் வைத்துப் பார்க்க, நோயில்லாத ஒருவரின் செல்லும் வேண்டும். எங்களிடம் இருந்த பழைய செல்லில் அந்த மாதம்தான் பூஞ்சை விழுந்து எல்லாவற்றையும் கொட்டியிருந்தோம். யாராவது அரிசி அளவு தோல் தர வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டார். அங்கே படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்கு உடனே ரத்தசோகை வந்தது. இன்னொருவருக்கு அந்த வாரம் நிச்சயதார்த்தம், கையில் தழும்பு இருக்கக்கூடாதாம். சுற்றி வந்த பார்வை கடைசியில் தூண் மேல் நின்றது. எனக்கு "முடியாது" என்று சொல்ல வாய் வராது. தலை தானாக ஆடிவிட்டது.

கையில் கட்டோடு மந்தைவெளி வீட்டுக்குப் போனேன். மனைவி தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடிக்கிற வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"இன்னாய்யா கையில கட்டு?"

"தோல் குடுத்தேன்."

"இன்னா குடுத்த?"

"தோல். அரிசி அளவுதான்."

"ரத்தம் குடுப்பாங்க, கேட்டுக்கீறேன். தோல் குடுத்துட்டு வந்தவன உன்னத்தான் பாக்குறேன். நாளைக்கு மூக்கைக் கேப்பாங்க. அதையும் பேப்பர்ல சுத்திக் குடுத்துட்டு வா."

"அது வளரும்."

"எது, மூக்கா?"

"தோலு. பாட்டில்ல."

அவள் என் கையைப் பிடித்துக் கட்டைத் திருப்பிப் பார்த்தாள். "அப்ப அது துன்னுமா?"

"ரோஸ்மில்க் மாதிரி ஒண்ணு ஊத்துவாங்க."

"பாத்தியா. நான் வடிச்சுப் போடறது பத்தலன்னு அங்க ஒரு சாப்பாடு வெச்சுக்கினு கீற."

அன்றிலிருந்து தினமும் நான் செருப்பைக் கழற்றும்போது, "அந்த இன்னொருத்தன் சாப்ட்டானா?" என்று கேட்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் எங்கள் பக்கமும் எட்டிப்பார்ப்பாள். கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுப்பேன். "மாமா, என்னோடது எப்படி இருக்கு? சமத்தா சாப்பிடறதா?" என்பாள். நான் தலையாட்டுவேன். "உங்களோடதும் அதே பெட்டிதானே? சண்டை போட்டுக்கறதா?" இல்லையென்று தலையாட்டுவேன். "மாமா, நீங்க பேசவே மாட்டேளா, இல்ல நாளைக்குன்னு சேத்து வெச்சுண்டிருக்கேளா?" அதற்கும் தலையாட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். உண்மையிலேயே விழப் பார்த்தாள், அவள் அம்மா பிடித்துக்கொண்டார்.

இரண்டு பேர் செல்லும் பாட்டில் நிறைய வளர்ந்து தயாரானபோது நவராத்திரி வந்துவிட்டது. இனி கதிர் வைக்க வேண்டும். அதற்கு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு வைக்கிற அதே கோபால்ட் மிஷின்தான். சாதாரண நாளில் அதன் வாசலில் வரிசை நிற்கும். ஆயுத பூஜை அன்றைக்கு நோயாளிகள் கிடையாது, மிஷின் சும்மா இருக்கும் என்று டாக்டரம்மா அந்த மத்தியானத்தைக் கேட்டு வாங்கியிருந்தார். கதிர் வைத்த பிறகு செல் முளைத்து வருகிறதா என்று பார்க்க இரண்டு வாரம் ஆகும். அன்றைக்கு விட்டால் பெண்ணின் தேதிக்கு முன்னால் பதில் கிடைக்காது.

தெர்மாகோல் பெட்டியில் பாட்டில்களையும், செல் வளர்க்கிற டிஷ் என்கிற சின்னக் கண்ணாடித் தட்டுகளையும் அடுக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். மிஷின் அறை வாசலில் மாவிலைத் தோரணம். மிஷினின் தலையில் சந்தனம், குங்குமம், பெரிய சாமந்தி மாலை. மிஷினை இயக்குகிறவர் திருநெல்வேலிக்காரர், கனத்த உடம்பு, நெற்றி முழுக்க திருநீறு. தட்டில் பொரிகடலையை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எதுக்கு வே பொட்டியத் தூக்கிட்டு நிக்கீரு? இந்தாரும், பொரி எடும்."

டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னார். அவர் பொரித் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, பூசை போட்டாச்சு. பொட்டு வெச்ச மிசினை எழுப்பப்பிடாது. நாளைக்கு விசயதசமி, வாங்க, மொத ஆளா வெச்சுத் தாரேன்."

"நாளைக்கு ரெண்டு நாள் கூட்டமும் சேர்ந்து வரும். எனக்கு அஞ்சு நிமிஷம்கூடக் கிடைக்காது. அனுமதி வாங்கியிருக்கேன்."

"ஆபீசுல அனுமதி வாங்கிருப்பீய. சாமிகிட்ட வாங்கினியளா?"

டாக்டரம்மாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. இரண்டு பேரும் மாறி மாறிப் பேசுகிறார்கள். நான் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறேன். உள்ளே இருக்கிறவர்களுக்குக் குளிருமே என்று எனக்குக் கவலை.

அந்த நேரம் பார்த்து அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். வீட்டில் கொலு வைத்திருந்தார்களாம். எங்களுக்கெல்லாம் ஒரு தூக்கில் கொண்டைக்கடலைச் சுண்டல் கொண்டுவந்திருந்தார்கள். அந்த அம்மாவின் மடிசாரைப் பார்த்ததும் மிஷின்காரருக்குத் தெம்பு வந்துவிட்டது.

"வாங்கம்மா. நீங்க சொல்லுங்க. பூசையில வெச்ச ஆயுதத்த அன்னைக்கே எடுக்கலாமா?"

"எடுக்கப்படாது," என்றார் அந்த அம்மா, ஒரு நொடி யோசிக்காமல். "நாளைக்குக் காலம்பற புனர்பூஜை ஆனப்புறம்தான்."

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். யாருடைய பெண்ணுக்காக இந்தச் சண்டை என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்று எனக்கு வாய் துடித்தது, துடித்ததோடு சரி. ஆனால் பெண்ணுக்குப் பெட்டியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நின்று, ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள்.

"மாமா," என்று மிஷின்காரரைக் கூப்பிட்டாள். "அங்க மாலை போட்டு நிக்கற ஸ்கூட்டர் உங்களோடதா?"

"ஆமாம்மா. காலைலயே பூசை போட்டாச்சு."

"அப்போ இன்னிக்கு ஆத்துக்கு நடந்தா போகப்போறேள்?"

"அது வண்டில்லா. வண்டிக்குக் கணக்கு வேற. வண்டிக்கு எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்திட்டா அப்பமே ஓட்டலாம்."

"அப்போ இந்த மிஷினும் வண்டின்னு வெச்சுக்கோங்கோ. படுக்கையில ஆள் ஏத்திண்டு போறதோன்னோ?"

மிஷின்காரர் மாலையைப் பார்த்தார், ஸ்கூட்டரைப் பார்த்தார், பெண்ணின் கழுத்தில் இருந்த கட்டியைப் பார்த்தார். பெட்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்று அவருக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். பூஜைத் தட்டிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழத்தை எடுத்தார்.

"ஏ, பொட்டிய அந்தத் தள்ளுவண்டில வையும் வே. இத வண்டிக் கணக்குலயே சேத்துருவோம்."

நோயாளிகளைப் படுக்கவைத்துத் தள்ளுகிற வண்டியின் முன்சக்கரங்களுக்குக் கீழே பழங்களை வைத்தார். நான் தள்ளினேன். பட், பட் என்று இரண்டும் நசுங்க, நானும் அந்தப் பெண்ணும் ஒரே பெட்டியில் மிஷின் அறைக்குள் போனோம். பெட்டியை உள்ளே விட்டுவிட்டு நான் வெளியே வந்ததும் கனத்த கதவு மூடியது. வெளியே சிவப்பு விளக்கு எரிந்தது. டம்ளர் டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை, முடிந்துவிட்டது. என் கையில் வெட்டிய இடம் ஆறி ரொம்ப நாளாகியிருந்தும் அப்போது அரித்தது. எல்லாம் மனசுதான்.

"எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையே," என்று அந்த அம்மா சுண்டலைப் பரிமாறிக்கொண்டே குறைப்பட்டுக்கொண்டார். "தெரிஞ்சிருந்தா அம்பாளுக்கு நானே சமாதானம் சொல்லியிருப்பேன்."

நாலைந்து நாளில் முதல் பாதி பதில் வந்தது. டாக்டரம்மா பெண்ணை ஸ்டூலில் உட்காரவைத்துச் சொன்னார். கதிர் பட்டதும் என்னுடைய செல்கள் அந்த டி.என்.ஏ. நூலை நகலெடுக்கிற வேலையைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டன. எது அறுந்தது என்று பார்த்து ஒட்டிவிட்டுத்தான் மறுபடி தொடங்கின. அவளுடைய செல்கள் நிற்கவே இல்லை. ஒன்றுமே நடக்காத மாதிரி, அறுந்த நூலையே வைத்து நகலெடுத்துக்கொண்டு போயின.

பெண் கேட்டுவிட்டு, "ஊரே ஆயுதத்தைக் கீழ வெச்சாலும் என்னோடதுக்கு மட்டும் லீவு கெடையாது," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு தன் உள்ளங்கையை விரித்து வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீபாவளிக்கு முந்தைய நாள் மீதிப் பதிலும் கிடைத்தது. டிஷ்களில் நீலச் சாயம் ஊற்றிக் கழுவினோம். பிழைத்து வளர்ந்த ஒவ்வொரு செல்லும் ஒரு குடும்பமாகி, நீலப் புள்ளியாகத் தெரியும். தேதிக்கு முன்னால் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டருக்குச் சொல்லியாயிற்று. அவர் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, இந்தப் பெண்ணுக்குக் கதிர் வேண்டாம், ஊசி மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்.

அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். தீபாவளி லேகியம் செரித்து முடியவில்லை, அந்த அம்மா பெண்ணை இழுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். டாக்டரம்மா ஊரில் இல்லை. நான் மட்டும்தான்.

"ஏம்ப்பா, உள்ள இருக்கறவா நீங்கள்ளாம். சொன்னா கேப்பா. அந்தத் தேதியைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுப்பா. நேக்கு எத்தனை பேர் சொன்னா தெரியுமோ, கதிர் வெச்சா கட்டி இருந்த எடம் தெரியாதுன்னு. ஊசியைப் போட்டு ஒப்பேத்தறாளோன்னு பயமா இருக்கு. இன்னும் கவுண்டர்ல எழுதி வெச்ச பேரை அடிக்கலை. நாளைக்குத்தான் தேதி. நான் கூட்டிண்டு போய் நிக்கத்தான் போறேன்."

"அம்மா, வேண்டாம்மா," என்றாள் பெண். அன்றைக்கு அவளிடம் சிரிப்பு இல்லை.

"நீ சும்மா இரு. நோக்கு ஒண்ணும் தெரியாது."

டாக்டரம்மா சொன்னதெல்லாம் எனக்குப் பாதிதான் ஞாபகம், அந்தப் பாதியைச் சொல்லவும் வாய் வரவில்லை. உள்ளே போய் நீலப் புள்ளி டிஷ்கள் நாலையும் ஒரு டிரேயில் வைத்து எடுத்துவந்து ஸ்டூல் மேல் வைத்தேன்.

"இது உங்க பொண்ணோடது. கதிர் வைக்காதது," என்றேன். டிஷ் முழுக்க நீலப் புள்ளி.

"நன்னா இருக்கே."

"இதுவும் உங்க பொண்ணோடதுதாம்மா. கதிர் வெச்சது."

அந்த அம்மா குனிந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். கண்ணாடித் தட்டு வெறுமனே இருந்தது. ஓரத்தில் ஒன்றிரண்டு புள்ளி.

"மாத்தி எடுத்துண்டு வந்துட்டியோ?"

"இல்லம்மா."

"அப்போ இந்த ரெண்டும்?"

"கதிர் வைக்காதது, வெச்சது. ரெண்டும்..." என்று இழுத்தேன். அந்த இரண்டில் கதிர் வைத்த தட்டிலும் புள்ளிகள் கொஞ்சம் குறைந்திருந்தாலும் நிறையவே இருந்தன. ஒருவர் வீட்டில் துக்கம் நடக்கும்போது புதுச்சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றவனைப் போல இருந்தது எனக்கு.

"யாரோடது?"

"என்னோடதும்மா."

பெண்தான் காப்பாற்றினாள். "பாரும்மா, வாயே தெறக்காத மாமாவுக்கு எருமைத் தோல். எது பட்டாலும் தாங்கறது. நேக்குத் தாங்காதும்மா. கட்டியோட நானும் போயிடுவேன்."

அந்த அம்மா டிரேக்கு முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெறும் தட்டின் மேல் ஒரு விரலை வைத்து, குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். நான் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தேன். குடிக்கவில்லை. பிறகு எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, "வாடி," என்று பெண்ணின் கையைப் பிடித்தார். என்னையும் பார்த்தார். நானும் போனேன்.

கவுண்டரில் கூட்டம். அந்த அம்மா யாரையும் தள்ளவில்லை, வரிசையில் நின்றார். முறை வந்ததும், "நாளைக்கு என் பொண்ணுக்குக் கதிர் வைக்கத் தேதி குடுத்திருந்தேள். வேண்டாம். பேரை அடிச்சுடுங்கோ," என்றார்.

உள்ளே இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அம்மா, விட்டா அடுத்த தேதி எப்போன்னு சொல்ல முடியாது. நல்லா யோசிச்சுக்குங்க."

"யோசிச்சாச்சு. அடிக்கறதை நான் பாக்கணும்."

அவர் ஒரு கோடு போட்டார். அந்த அம்மா எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். திரும்பியபோது, பின்னால் தொண்டையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்ற ஒரு பெரியவரிடம், "நீங்க கேளுங்கோ, நாளைக்கு ஒரு எடம் காலியா இருக்கு," என்றார். அவர் கண் விரிய, துண்டை அவிழ்த்துக்கொண்டே கவுண்டருக்கு ஓடினார்.

ஊசி மருந்தில் பெண்ணுக்கு முடி கொட்டியது. ஆஸ்பத்திரியில் நிறைய நாள் படுத்தாள். கட்டி பொங்கலுக்குள் பாதியானது, பங்குனித் திருவிழாவின்போது தடவிப் பார்த்தால்தான் தெரிந்தது. பிறவி நோய் முற்றி நடை மட்டும் போய்விட்டது, இப்போது சக்கர நாற்காலிதான். போன வாரம் மாட வீதியில் அம்மா தள்ளிக்கொண்டு வர, எதிரில் பார்த்தேன். "மாமா, பேச ஆரம்பிச்சாச்சா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கேட்டாள். "ஆச்சு" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். முடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

மந்தைவெளி, 1999 நவம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை.